கதவுக் கண்ணாடியின் விலை

மோட்டார் வண்டியின் பக்கக் கண்ணாடி உடைகின்ற விதம் வீட்டு யன்னற் கண்ணாடி உடைகின்ற விதத்தை ஒத்ததன்று. யன்னற் கண்ணாடி நீண்ட கத்திகளாகப் பிளந்து, பொறுக்க நீட்டிய கையை அறுக்கும். வண்டியின் முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கிடையில் மெல்லிய படலமொன்றை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டதாதலால், அடிபட்டாலும் சிலந்திவலை போற் கோடுவிட்டுத் தன் சட்டத்திலேயே நிற்கும். பக்கக் கண்ணாடிக்கு இந்த இரண்டு குணமும் இல்லை. சிறியதொரு கூர்மை ஓரிடத்திற் பட்டால் போதும். முழுத் தகடும் ஆயிரக்கணக்கான கற்கண்டுத் துண்டுகளாகச் சொரிந்துவிடும்.

அதற்குக் காரணம் அது வார்க்கப்படும் முறை. கண்ணாடித் தகட்டை ஏறத்தாழ 620 முதல் 650 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அதன் இரு புறத்திலும் குளிர்காற்றை விசையுடன் பாய்ச்சுகின்றனர். வெளித்தோல் முதலில் இறுகிவிடுகின்றது. உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்க முயல்கையில், முன்னரே இறுகிவிட்ட தோல் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆகவே தோல் அமுக்கத்திலும் உள் இழுவையிலும் ஓயாமல் நிற்கின்றன. இந்த இழுபறியே அதன் பலம். சாதாரணக் கண்ணாடியிலும் பன்மடங்கு அடியை அது தாங்கும். ஆனால் ஒரு கீறல் தோலைக் கடந்து உள்ளே புகுந்துவிட்டதோ, அதே இழுபறி அதனைப் பொடியாக்கிவிடும். நான் 32 ஆண்டுகள் பாடசாலையிற் பௌதிகம் கற்பித்தவன். ரூபேட் இளவரசரின் துளி என்று பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் வேடிக்கையை வகுப்பிலே சொல்வேன். உருகிய கண்ணாடியைத் தண்ணீரிற் சொட்டவிட்டாற் கிடைக்கும் அந்தத் துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை விரலால் ஒடித்தால் முழுவதும் தூளாகும். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இனி அவர்களுக்குக் காட்டுவதற்கு என் வண்டி இருந்தது; வகுப்புத்தான் இல்லை.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். ஓய்வூதியம் சம்பந்தமான பத்திரமொன்றைக் கையளிப்பதற்காக யாழ்ப்பாணத்திலுள்ள ஓர் அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். மதிலோரமாக வண்டிகள் நிறுத்தும் இடத்தில் என் வண்டியும் நின்றது. மழை தொடங்கி மூன்று வாரமாகியிருந்தபடியால் மதிலடியெங்கும் கோரையும் பார்த்தீனியமும் இடுப்பளவுக்கு எழுந்திருந்தன. நான் உள்ளே சென்று ஒரு மணி நேரத்தின் பின்னர், ஒப்பந்தகாரர் ஒருவரின் ஆட்கள் புல் வெட்டும் இயந்திரத்துடன் வந்திருக்கின்றார்கள். நான் வெளியே வந்தபோது இடது பின்கதவின் கண்ணாடி இருக்கையிலும் நிலத்திலுமாகக் கிடந்தது. பக்கத்திலே தோளில் இயந்திரம் தொங்க, நிறுத்திய நிலையில், ஓர் இளைஞன் நின்றான். வயது இருபதுக்கு மேல் இராது. ஓடிப்போகாமல் நின்றான் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். யாரும் பார்த்திராத இடம் அது. அவன் போயிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திராது.

"கல்லு தெறிச்சிருச்சுங்க ஐயா" என்றான்.

இயந்திரத்தைப் பார்த்தேன். அதன் நுனியிலே நைலோன் கயிறு இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு அலகு பூட்டப்பட்டிருந்தது. அலகுக்கும் ஆளுக்கும் நடுவே மறைப்பாக இருக்கவேண்டிய தகடு இல்லை. ஈரப்புல் அதிலே சிக்கி அடிக்கடி நின்றுவிடுகின்றதென்று யாரோ முன்னரே கழற்றியிருக்கின்றார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழலும் அலகு சல்லிக்கல் கிடக்கும் நிலத்தைத் தொட்டால் என்ன நிகழும் என்பதற்குப் பௌதிக ஆசிரியன் வேண்டியதில்லை. இத்தகைய இயந்திரங்களுடன் வரும் கைநூல்கள், வேலை நடக்கும்போது 15 மீற்றர் தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கலாகாது என்று சொல்கின்றன. இயக்குபவன் கண்காப்பு அணிய வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த இளைஞனின் காலில் இறப்பர்ச் செருப்பு, முகத்திலே ஒன்றுமில்லை. கல் என் வண்டியின் பக்கம் போயிற்று. ஒரு சாண் திரும்பியிருந்தால் அவன் கண்ணுக்குப் போயிருக்கும். கண்ணாடிக்குக் கடையிலே விலை கேட்கலாம்.

அவனுடைய பேச்சிலிருந்து ஊகித்ததைக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பாட்டனார் காலத்திலே, 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின், மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். வந்தவர்கள் காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பிறருடைய வயலிலே நாற்று நட்டார்கள். மூன்றாவது தலைமுறை யாழ்ப்பாணத்துக்கு வந்து மதிலோரத்துப் புல் வெட்டுகின்றது. ஒப்பந்தகாரரின் கொட்டகையிலே ஆறு பேருடன் தங்கல். நாட்சம்பளம் 2,000 ரூபா. மழை பெய்து வேலை நின்றால் அதுவும் இல்லை.

ஒப்பந்தகாரர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மரியாதையான மனிதர். அவருடைய மூத்த மகன் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவனாம்.

"மாஸ்ரர், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. கண்ணாடியைப் போடுங்கோ. அவன்ரை சம்பளத்திலை வெட்டி வெட்டி நான் கொண்டுவந்து தாறன்."

பின்னர் அவனைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். மலைநாட்டிலிருந்து வந்த மக்களைக் குறிக்க நம்மவர் சிலர் இன்றும் கூச்சமின்றிப் பயன்படுத்தும் சொல் அது; வாசகர் அறிவர், அச்சிலே ஏற்ற வேண்டியதில்லை. இளைஞன் தலையைக் குனிந்தபடி, "கொஞ்சம் கொஞ்சமா கட்டிடுறேனுங்க" என்றான்.

இந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் வசதி இருந்தது. எனக்குப் பணம் வரும், ஒப்பந்தகாரருக்குச் செலவில்லை, அலுவலகத்துக்கு வில்லங்கமில்லை. நட்டம் மேலிருந்து கீழே உருண்டு உருண்டு, இன்னும் கீழே தள்ள ஆளில்லாத ஒருவனிடம் போய் நின்றுவிடும். நான் சம்மதிக்கவில்லை. நட்டத்தை நீங்கள் தர வேண்டும், அவனிடமிருந்து ஒரு சதமும் எடுக்கக்கூடாது என்று சொன்னேன். அவர் சிரித்தார். பெரிய வகுப்பொன்றிலே வயதான ஆசிரியர் பழைய பாடத்தைச் சொன்னாற் பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பு.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வேலையாள் தன் வேலையைச் செய்கையிற் கவனக்குறைவாற் பிறருக்குச் சேதம் விளைத்தால், அவனை வேலைக்கமர்த்தியவர் அதற்குப் பொறுப்புச் சொல்லவேண்டும் என்பது இந்நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட விதி. அதன் நியாயம் எளியது. வேலையின் இலாபம் யாருக்குப் போகின்றதோ, வேலையின் ஆபத்தும் அவருக்கே போகவேண்டும். மேலும், 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அனுமதிக்கப்பட்டதும் தொழிலாளி சம்மதித்ததுமான கழிவுகளையன்றி வேறெதையும் சம்பளத்திலிருந்து பிடிக்கலாகாதென்று விதிக்கின்றது. அதற்கும் முன்னர், 1934இலேயே, வேலையிற் காயமடைந்தவனுக்கு நட்டஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. இவற்றை நான் எடுத்துக் கூறியபோது ஒப்பந்தகாரர், "அவன்தான் ஓமெண்டிட்டானே, மாஸ்ரர்" என்றார். ஆம், அவன் ஓமென்றான். மறுநாள் வேலைக்கு வா என்று சொல்லும் அதிகாரமுள்ளவரின் முன்னால், கொட்டகையில் ஒரு பாயும் அவருடைய தயவிலே விரித்திருப்பவன், வேறு என்ன சொல்வான்? அந்தச் சம்மதத்தின் பெறுமதியை எடைபோடச் சட்டப் புத்தகத்திலே தராசு இல்லை.

அயலவர்கள் என்னை வேறு விதமாகத் தேற்றினார்கள். "பாவம், ஏழைப் பெடியன். மன்னிச்சு விட்டிடுங்கோவன்." நல்ல மனத்துடன் சொன்னதுதான். ஆயினும் மன்னிப்பதற்கு அவன் எனக்குச் செய்த குற்றம் என்ன? மறைப்புத் தகட்டைக் கழற்றி வைத்தவன் அவனா? கல் நிலத்துக்கு இரும்பு அலகைத் தெரிவுசெய்து கொடுத்தவன் அவனா? நான் மன்னித்தேன் என்று ஊர் மெச்சியிருக்கும்; மன்னிப்பின் பயன் முழுவதும் ஒப்பந்தகாரரின் சட்டைப்பைக்குள் போயிருக்கும். அடுத்த வாரமும் அந்த இயந்திரம் தகடில்லாமல் வேறொரு தெருவிலே சுழன்றிருக்கும். தருமம் சில வேளைகளிற் கணக்கைக் குழப்பிவிடுகின்றது.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். என் வண்டி 1990களில் யப்பானிற் செய்யப்பட்ட ரொயோட்டா கொரோலா. காப்புறுதி மூன்றாம் ஆள் பொறுப்புக்கு மட்டும் எடுத்தது. அது என் வண்டியின் கண்ணாடிக்கு உதவாது. வெட்டிப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இறுக்கிய கண்ணாடியை வெட்ட முடியாது. வைரக்கூர் அதன் தோலைக் கடந்த கணத்தில் அது தூளாகிவிடும். வெட்டுதல், விளிம்பு தேய்த்தல், துளையிடுதல் யாவும் சூளைக்குப் போவதற்கு முன்னரே செய்யப்படவேண்டும். அன்றியும் இந்தக் கதவுக் கண்ணாடி சிறிது வளைந்தது. இடக்கதவின் கண்ணாடி வலக்கதவுக்குப் பொருந்தாது. முன் ஆண்டு மாதிரியினது அடுத்த மாதிரிக்கும் பொருந்தாமற் போகலாம். அதே வண்டியின் அதே கதவிலிருந்து கழற்றிய ஒன்றைத் தேடிப்பிடிப்பதே வழி.

பழைய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவற்றின் பக்கக் கண்ணாடிகள் தட்டையானவை. 1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், கார்புரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் அவை ஓடியதை என் வயதினர் எல்லாரும் கண்டிருக்கின்றோம். கண்ணாடி உடைந்தால், யன்னலுக்கு வாங்கி வைத்த தகட்டை வெட்டிச் செருகுவார்கள். அதுவும் இல்லையேல் தகரம். எங்கள் ஒழுங்கையில் ஓர் ஒஸ்ரின், பின்புறம் இரு பக்கமும் தகரம் அடித்தபடி 1995 ஐப்பசி இடப்பெயர்வில் எட்டுப்பேரை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போயிற்று. உள்ளே இருந்த முதியவருக்கு வழி தெரியவில்லை என்று பின்னர் சொன்னார்கள். அன்று வழி தெரியாதது அவருக்கு நல்லதுதான். யன்னற் கண்ணாடி செருகிய வண்டி எவ்வளவு ஆபத்தானது என்பதை அக்காலத்தில் யாரும் எண்ணியதில்லை. மேலே குண்டு விழும் நாட்டில் கண்ணாடித் துண்டுக்கு யார் அஞ்சுவார்?

யாழ்ப்பாணத்துக் கடைகளில் எனக்கு வேண்டிய கண்ணாடி இல்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வண்டிகளையே எல்லாரும் பேணி ஓட்டினார்கள். தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 தை மாதம் முடியும்வரை நீங்கவில்லை. 2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. இந்த இரண்டும் சேர்ந்தபோது பழைய உதிரிப்பாகத்தின் விலை, வண்டி புதிதாக இருந்த காலத்து விலையைப் பார்த்துச் சிரித்தது. கொழும்பிலே மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில், யப்பானிலிருந்து கழற்றி வந்த கதவுகளும் இயந்திரங்களும் தெருவின் இரு புறமும் அடுக்கிக் கிடக்கும். அங்குள்ள ஒரு வியாபாரியுடன் நம்மூர்க் கண்ணாடி பூட்டுபவர் தொலைபேசியில் பேசினார். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழிலும் மற்றவர் சிங்களமும் தமிழும் கலந்தும் பேசினர். வியாபாரத்துக்குத் தடையிருக்கவில்லை. விலை 12,500 ரூபா. இரவுப் பேருந்தில், வைக்கோலும் பழைய பத்திரிகையும் சுற்றி, 1,000 ரூபாக் கூலியில் அது வந்து சேர்ந்தது. அதுவரை ஒன்பது நாள் கதவிலே பொலித்தீன் ஒட்டியிருந்தேன். மழையில் அது இரவெல்லாம் படபடக்கும்.

கண்ணாடி பூட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தொழிலாளியின் கையைப் பார்ப்பது எனக்கு என்றும் விருப்பமான பொழுதுபோக்கு. அவருக்கு வயது அறுபதை அண்மியிருக்கும். வலக்கைப் பெருவிரலடியில் வெள்ளையாக ஒரு பழைய தழும்பு. முதலிற் கண்ணாடியை ஏற்றியிறக்கும் கைபிடியைக் கழற்ற வேண்டும். அதன் பின்னால் ஒரு சிறிய வளைகம்பி மறைந்திருந்து பிடித்திருக்கின்றது. நான் அதற்கு ஏதோ விசேட கருவி எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பழைய சாரத்திற் கிழித்த ஒரு துணித் துண்டைக் கைபிடிக்கும் கதவுக்கும் நடுவே விட்டு, முதுகு துடைப்பவர் போல இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தார். கம்பி 'ணங்' என்று துள்ளி விழுந்தது. சின்னப் பையன் ஒருவன் அதைத் தேடிப் பிடித்துத் தகரப் பேணியிற் போட்டான்.

உள்மட்டையைக் கழற்றி, ஈரம் புகாமல் ஒட்டியிருந்த பொலித்தீனை உரித்தபோது கதவின் வயிற்றிலே இரண்டு கைப்பிடி கண்ணாடி கிடந்தது. அதை முழுவதும் எடுத்தே ஆகவேண்டும் என்றார். மிஞ்சிய துண்டுகள் கதவை அடிக்குந்தோறும் கலகலக்கும் என்பது சிறிய காரணம். கதவின் அடியிலே மழைநீர் வடியும் துளைகள் உண்டு. கண்ணாடித் துண்டும் மண்ணும் அவற்றை அடைத்தால் நீர் உள்ளே தேங்கிக் கதவு அடியிலிருந்து கறள் பிடிக்கும். அதுவே பெரிய காரணம். கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்தி, ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி, ஒழுகுகின்றதா என்று குனிந்து பார்த்தார். பின்கதவிலே பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அசையாத சிறு முக்கோணக் கண்ணாடி ஒன்றுண்டு. இரண்டையும் பிரிக்கும் நிலைச்சட்டத்தின் ஆணிகளை இளக்கிச் சற்றுச் சரித்தபின்தான் புதிய கண்ணாடி உள்ளே இறங்க இடம் கிடைக்கும். இறக்கி, ஏற்றும் பொறியுடன் இரண்டு ஆணிகளால் பிணைத்து, முழுவதும் இறுக்காமல் நாலைந்து தரம் ஏற்றியிறக்கி, அது தன் வழியைத் தானே கண்டுகொண்ட பின்னர் இறுக்கினார். "முதலே இறுக்கினால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்கும், மாஸ்ரர். பிறகு ஒருநாள் சும்மா வெடிக்கும்." நான் வகுப்பிலே கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதை அவர் பெருவிரலால் அறிந்திருந்தார். கூலி 3,500 ரூபா.

மொத்தம் 17,000 ரூபா. அந்த இளைஞனுடைய எட்டரை நாட் சம்பளம்.

பற்றுச்சீட்டுகளை இணைத்து ஒப்பந்தகாரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். தொகையை அவரே தரவேண்டும், வேலையாளின் சம்பளத்திற் பிடிக்கலாகாது, இயந்திரத்துக்கு மறைப்புத் தகடும் ஆட்களுக்குக் கண்காப்பும் வேண்டும் என்று மூன்றே வசனங்கள். பிரதியொன்றை அந்த அலுவலகத்தின் பொறுப்பாளருக்கும் அனுப்பினேன். பிரதிதான் வேலைசெய்தது என்று நினைக்கின்றேன். மூன்று வாரங்களின் பின்னர் அவர் நேரில் வந்து 10,000 ரூபா தந்தார். மிகுதியை விட்டுவிடும்படி கேட்டார், விட்டுவிட்டேன். அவருடைய பெயரிலே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கவில்லை என்று, கேட்பதற்கு முன்னரே, மகன்மேற் சத்தியம் செய்தார்.

தைப்பொங்கல் கழிந்து சில நாட்களின் பின் அந்த இளைஞனை வேறொரு வீதியோரத்தில் வேலைசெய்யக் கண்டேன். வண்டியை எட்ட நிறுத்திவிட்டு நடந்து போனேன். இயந்திரத்திலே மறைப்பு இருந்தது. பழைய ரயரிலிருந்து வெட்டிய துண்டொன்றைக் கம்பியாற் கட்டியிருந்தார்கள். அவன் கண்ணிலே கறுப்புக் கண்ணாடி, சந்தைத் தெருவில் தொங்கவிட்டு விற்கும் வகை. ஒப்பந்தகாரர் வாங்கித் தந்தாரா என்று கேட்டேன்.

"இல்லீங்க. நானே வாங்கினேன். முந்நூறு ரூபா."

சம்பளத்திலே ஏதும் பிடித்தாரா என்றும் கேட்டேன். பிடிக்கவில்லை என்றான். சற்றுப் பொறுத்து, இயந்திரத்தின் கயிற்றை இழுக்கப் போனவன் திரும்பி, "மார்கழியில அஞ்சு நாளு மட்டும் வேலைக்கு வரவேணாமுன்னுட்டாருங்க. மழையும் இல்ல. மத்தவங்க போனாங்க" என்றான்.

சட்டம் அறிந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நாட்கூலிக்காரனை ஒரு நாள் கூப்பிடாமல் விடுவதைச் சம்பளக் கழிவு என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது என்றார். ஐந்து நாள், நாளுக்கு 2,000 ரூபா. அந்த 10,000 ரூபாவும் என் மேசை லாச்சியில் ஒரு கடித உறைக்குள் இன்னும் இருக்கின்றது. அவன் பெயரைக் கேட்டு வைத்திருக்கின்றேன். கொட்டகையை இப்போது கொடிகாமப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். வருகின்ற ஞாயிறு போகவேண்டும்.